தார் 4×4: கம்பெனி டயர் தேய்ஞ்சாச்சு, அடுத்து எச்/டியா (ஹைவே), ஏ/டியா (எல்லாத் தரைக்கும்), எம்/டியா (சேறு)?

#1 பொள்ளாச்சி_தார்

வண்டி 2021 மகிந்திரா தார் எல்எக்ஸ், டீசல், 4×4, ஹார்டு டாப். கம்பெனியில் வந்த 255/65 ஆர்18 ஏ/டி டயர் 46,000 கி.மீ. ஓடியாச்சு. முன்னாடி 3 மி.மீ., பின்னாடி 3.5 மி.மீ. பட்டன் (தரையில படுற ரப்பர்க் கட்டி) பாக்கி. ஸ்டெப்னி தரையையே தொடாதது.

ஓட்டத்தில் பத்துக்கு ஏழு பங்கு தார் ரோடு: தினமும் கோவை, மாசம் ஒரு தடவை சென்னை. ரெண்டு பங்கு வால்பாறைப் பக்கம் எஸ்டேட் கல் ரோடு. மீதி தோப்புக்குள்ள, மழைக் காலத்துச் சேறு. ஜூன்ல லடாக் திட்டமும் இருக்கு.

கடையில "265/70 ஆர்18 எம்/டி போடுங்க, எதையும் வெட்ட வேணாம், அப்படியே உட்காரும்" என்கிறாங்க. பார்க்க நல்லாத்தான் இருக்கு. போடலாமா?

#2 பட்டறைக்காரன்

தம்பி, ஏழு பங்கு தார்ல ஓடுற வண்டிக்கு எம்/டி எதுக்கு? படத்துக்கு நல்லா இருக்கும், மழைக்கு நல்லா இருக்காது.

எம்/டி பட்டன் பெரிய பெரிய கட்டி. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல அகலமா இடைவெளி. அந்த இடைவெளிதான் சேத்தை உதறும், ஆனா தார்ல அந்த இடமெல்லாம் ரப்பரே தரையில படாத இடம். கட்டி மேல மெல்லிய கீற்று வெட்டும் குறைச்சல். ஈர ரோட்டில் தண்ணிப் படலத்தை வழிச்சு விடுறது அந்தக் கீற்றுதான். ஆழியார்ல இருந்து வால்பாறை ஏறுற 40 கொண்டை ஊசியை ஆடி மழையில நினைச்சுப் பாருங்க. எஸ்டேட்டுக்குள்ள பாசி புடிச்ச சிமெண்ட் ரோடு அதைவிட மோசம்.

அடுத்தது சத்தம். புதுசுல பரவால்ல. டயரை முன்னும் பின்னும் இடம் மாத்திப் போடாம 15,000 கி.மீ. ஓட்டினா ஒவ்வொரு கட்டியும் ஒரு முனையில மட்டும் தேஞ்சு ரம்பப் பல் மாதிரி ஆகும். அப்புறம் 60-க்கு மேல வீல் பேரிங் போன மாதிரியே ஊளையிடும். பேரிங் மாத்தச் சொல்லி வர்ற வண்டியில பாதிக்கு வியாதி டயர்லதான்.

#3 மலைச்சாலை

சைஸ் கணக்கைத் தனியாகப் பார்த்துவிடலாம். கடைக்காரர் அதைத்தான் லேசாகத் தாண்டிப் போகிறார்.

255/65 ஆர்18 என்றால் அகலம் 255 மி.மீ.; அதில் 65 சதவீதம் பக்கச்சுவர், அதாவது 165.75 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 331.5. ரிம் 18 இஞ்ச், 457.2. மொத்த விட்டம் 788.7 மி.மீ.

265/70 ஆர்18: 371 + 457.2 = 828.2 மி.மீ. சரியாக 5 சதவீதம் அதிகம். விளைவுகள்:

ஸ்பீடோமீட்டர் 95 காட்டும்போது, மீட்டர் துல்லியமானது என்று வைத்துக்கொண்டால், வண்டி 100-இல் போகும். ஓடோமீட்டரும் அதே அளவு குறைத்துக் காட்டும். மைலேஜ் கணக்குப் போடுபவர்கள் இதை மறந்து "மைலேஜ் விழுந்துவிட்டது" என்று புலம்புவார்கள். விழுந்திருக்கும், ஆனால் காட்டுகிற அளவுக்கு இல்லை.

எல்லா கியரும் 5 சதவீதம் உயர்ந்துவிடும். 4எல்-இல் (நாலு சக்கரமும் இழுக்கும் மெதுவான கியர்) ஊர்ந்து இறங்கும்போது என்ஜின் பிடிப்பு குறையும். பிரேக்கும் அப்படியே: அதே டிஸ்க்கை வைத்துப் பெரிய, கனமான சக்கரத்தை நிறுத்த வேண்டும்.

கிரவுண்ட் கிளியரன்ஸ் கூடுவது வித்தியாசத்தில் பாதி, 20 மி.மீ. இவ்வளவுக்கும் கிடைப்பது அதுதான்.

"அப்படியே உட்காரும்" என்பது நேராக நிறுத்திய வண்டிக்கு. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, ஒரு முன்சக்கரம் பள்ளத்திலும் மற்றது மேட்டிலும் இருக்கும்போது சக்கரத்துக்கு மேலுள்ள உள்மூடியில் (லைனர்) உரசுகிறதா என்பதுதான் கேள்வி. அதைக் கடையில் யாரும் பார்ப்பதில்லை.

கம்பெனி விட்டத்திலிருந்து 2 சதவீதத்துக்குள் இருந்தால் ஏபிஎஸ், ஈஎஸ்பி என்ற பிரேக், சறுக்கல் கட்டுப்பாடுகள் எதுவும் முகம் சுளிக்காது. 265/65 ஆர்18 போட்டால் 801.7 மி.மீ., 1.6 சதவீதம்தான். ஆனால் உங்கள் ஓட்டத்துக்கு அதுவும் தேவையில்லை. 255/65-லேயே இருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 (வண்டியில் மாற்றம் செய்வது) பற்றிய தகராறோ, விபத்து நடந்தபின் இன்சூரன்ஸ் சர்வேயர் அளவு நாடாவோடு வருவதோ அப்போது வராது.

#4 பொள்ளாச்சி_தார்

சரி, எம்/டியும் பெரிய சைஸும் வேண்டாம். அப்போ ஏ/டி. அதுலயும் ஒரு குழப்பம். ஒரே பேர்ல ரெண்டு விதம் காட்டுறாங்க. ஒண்ணுல சைஸுக்கு முன்னாடி "எல்டி" என்று இருக்கு, விலையும் கூட. எல்டிதான் கெட்டி, கல் ரோட்டுக்கு அதுதான் என்கிறாங்க.

#5 மலைச்சாலை

எல்டி என்றால் லைட் டிரக். கூடுதல் அடுக்கு, ஆழமான பட்டன், வெட்டுக்குத் தாங்கும் பக்கச்சுவர், எல்லாம் உண்மை. ஆனால் டயரில் போட்டிருக்கும் பாரம் அதன் முழுக் காற்றுக்கு உரியது. சி தரம் 50 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), டி 65, ஈ 80.

எல்டி 245/75 ஆர்16 ஈ தரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 80 பிஎஸ்ஐயில் ஏறத்தாழ 1,380 கிலோ தாங்கும். அதே டயரில் 35 பிஎஸ்ஐ இருந்தால் ஏறத்தாழ 770 கிலோதான். கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ள காற்று கம்பெனி போட்ட சாதாரண டயருக்குக் கணக்கிட்டது. எல்டி போட்டுவிட்டு அதே அளவில் ஓட்டினால் டயர் உள்ளுக்குள் காற்று குறைவாகவே ஓடும். நான்கு பேரும் சாமானும் ஏற்றி 100-இல் சென்னைக்குப் போனால் பக்கச்சுவர் சூடேறும். அதனால் எல்டிக்கு 5 முதல் 8 பிஎஸ்ஐ கூட்ட வேண்டியிருக்கும். கூட்டினால் கெட்டியான டயர் இன்னும் கெட்டியாகி, காலி வண்டியில் பின்பக்கம் குதிக்கும். டயர் ஒன்றுக்கு 4-6 கிலோ எடையும் கூடுதல், அதுவும் ஸ்பிரிங்குக்குக் கீழே.

தார் கனமான வண்டி இல்லை. லோடு இண்டெக்ஸ் 111 என்றால் டயருக்கு 1,090 கிலோ. நான்கும் சேர்த்தால் வண்டியின் முழுப் பாரத்துக்கு மேல் தாராளம். கூரை மேல் டென்ட், பின்னால் இழுவண்டி, தினமும் கல் குவாரி என்று இருந்தால் எல்டி. இல்லாவிட்டால் சாதாரண ஏ/டியில் பக்கச்சுவர் மூன்றடுக்கு உள்ளதாகப் பாருங்கள். எத்தனை அடுக்கு என்று பக்கச்சுவரிலேயே அச்சாகியிருக்கும், பட்டன் பகுதிக்குத் தனியாகவும் பக்கச்சுவருக்குத் தனியாகவும்.

ஸ்பீடு எழுத்தையும் பாருங்கள். க்யூ 160, ஆர் 170, எஸ் 180, டி 190, எச் 210 கி.மீ. கம்பெனி டயரில் இருக்கும் லோடு எண்ணுக்கும் ஸ்பீடு எழுத்துக்கும் கீழே இறங்காதீர்கள்.

#6 கரிசல்வண்டி

கோவில்பட்டிப் பக்கத்துச் சேறு பத்தி ரெண்டு வார்த்தை. பொள்ளாச்சித் தோப்பு பெரும்பாலும் செம்மண். அடியில கெட்டித் தரை இருக்கும். அதுல ஏ/டியே போதும். மேல் சேத்தைக் கிழிச்சுக் கீழ போய்ப் புடிச்சுக்கும். கரிசல் வேற. ஈரமான கரிசல் பசை. ரெண்டு சுத்துல ஏ/டி பட்டன் இடுக்கெல்லாம் அடைச்சு டயர் மொட்டை டயர் மாதிரி ஆயிரும். அங்கதான் எம்/டிக்கு வேலை, அதுவும் சக்கரம் கொஞ்சம் வேகமாச் சுத்தினாத்தான் உதறும். மெதுவா உருட்டினா எம்/டியும் அடைச்சுக்கும்.

ஆனா டயர் கம்பெனிக்குக் கொடுக்கிற காசுல ஒரு சின்னப் பங்கை முதல்ல ஏர் கம்ப்ரசருக்கும் நல்ல கேஜுக்கும் கொடுங்க. காத்து இறக்கத் தெரிஞ்ச எச்/டி வண்டி போற இடத்துல, 35 பிஎஸ்ஐ எம்/டி வண்டி நின்னுரும்.

இறக்கினா டயர் பக்கவாட்டுல விரியுதுன்னு நினைக்கிறோம். விரியுறது கொஞ்சம்தான். தரையில படுற தடம் முன்னும் பின்னும் நீளுது, புல்டோசர் செயின் மாதிரி. புடி அதுலதான்.

எஸ்டேட் கல் ரோட்டுக்கு 24-26. குலுக்கல் பாதியாக் குறையும், கல் குத்தினா ரப்பர் வளைஞ்சு கொடுக்கும். சேத்துக்கு 20-22. மணலுக்கு 15-18. பீட்லாக் (டயர் விளிம்பை ரிம்மோட இறுக்கிப் புடிக்கிற வளையம்) இல்லாத ரிம்முல 15-க்குக் கீழ போகாதீங்க. ஸ்டீயரிங்கை வெடுக்குனு ஒடிச்சா டயர் விளிம்பு ரிம்முல இருந்து கழண்டுரும். இறக்கின பிறகு மணிக்கு 30-40 கி.மீ. வேகத்துக்கு மேல போகக் கூடாது. தார் ஏறினதும் முதல் வேலை காத்து ஏத்துறது. "அஞ்சு கிலோமீட்டர்தானே, பங்க்ல அடிச்சுக்கலாம்" என்கிற நினைப்புதான் பக்கச்சுவரை உள்ள இருந்து அறுக்கும். வெளியில ஒண்ணும் தெரியாது. உள்ளுக்குள்ள ரப்பர்த் தூள் கொட்டிக் கிடக்கும்.

மணல்ல எம்/டி போட்டு ஆக்சிலரேட்டர் மிதிச்சா அது மண்வெட்டி. நாலு நொடியில ஆக்சில் வரைக்கும் தோண்டிக் கொடுத்துரும்.

#7 சுத்துவண்டி

டயர்லயே மேக்ஸ் 51 பிஎஸ்ஐனு போட்டிருக்கே, 42 அடிச்சா மைலேஜ் நல்லா வருதே? இன்னொண்ணு, மழையில ஹைவேல 4எச் (நாலு சக்கரமும் இழுக்கிற வேக கியர்) போட்டா புடி கூடும்தானே? அப்போ டயர் பத்தி இவ்வளவு யோசிக்கணுமா?

#8 மலைச்சாலை

முதல் கேள்விக்கு: 51 என்பது அந்த டயரில் நிரப்பக்கூடிய உச்சவரம்பு. எவ்வளவு நிரப்ப வேண்டும் என்பதை வண்டியின் எடை முடிவு செய்கிறது. அது கதவு ஓரத்து ஸ்டிக்கரில் இருக்கிறது. 42 அடித்தால் பட்டனின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும். நடுவில் வேகமாகத் தேயும், ஈரத்தில் பிரேக் தூரம் கூடும். மைலேஜில் மிச்சம் பிடித்ததை டயரில் கொடுக்க வேண்டியதுதான்.

சந்தேகம் இருந்தால் இப்படிச் சோதிக்கலாம். காலையில் குளிர்ந்த டயரில் அளந்து, ஒரு மணி நேரம் வழக்கமான வேகத்தில் ஓட்டிவிட்டு நிழலில் மறுபடி அளக்கவும். சாதாரண டயரில் 4 பிஎஸ்ஐ ஏறினால் சரி. 6, 7 ஏறினால் தொடக்கத்தில் காற்று போதவில்லை, டயர் அதிகமாக மடங்கிச் சூடேறியிருக்கிறது. 2 மட்டும் ஏறினால் அதிகமாக அடித்திருக்கிறீர்கள். சூடான டயரில் ஏறியதைப் பார்த்துவிட்டு இறக்கிவிடுவது பலரும் செய்யும் தவறு.

இரண்டாவது: தாரிலும் மாருதி ஜிம்னியிலும் இருப்பது பார்ட்-டைம் 4×4. 4எச் போட்டால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் இறுகப் பூட்டிக்கொள்ளும், நடுவில் டிஃபரன்ஷியல் (இரண்டு பக்கமும் வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுதி) கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் போகும் தூரமும் பின்சக்கரங்கள் போகும் தூரமும் வேறு. வழுக்குகிற தரையில் டயர் லேசாகச் சறுக்கி அதைச் சரிக்கட்டும். தாரில் சறுக்க இடமில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சிலுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) முறுக்கேறும், ஸ்டீயரிங் கனக்கும், நெம்புகோல் 2எச்-க்கு (பின்சக்கரம் மட்டும் இழுப்பது) திரும்ப மறுக்கும். தவிர, 4எச் உதவுவது இழுவைக்கு. பிரேக்குக்கு நாலு சக்கரமும் ஏற்கெனவே வேலை செய்கின்றன. அங்கே டயர் மட்டும்தான் மிச்சம்.

#9 லே_மணாலி

ஜூன் லடாக் என்பதால்: மணாலி-லே, ஸ்ரீநகர்-லே இரண்டும் பெரும்பாலும் தார்தான். ஏ/டி போதும். பிரச்சினை வருவது பனி உருகி ரோட்டைக் கடக்கும் ஓடைகளில், தண்ணிக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத கூர்க்கல்லில். வெட்டுப்படுவது பக்கச்சுவர். சக்கரம் போகும் தடத்தை நடந்து பார்த்துவிட்டு இறங்குங்கள். மதியத்துக்கு மேல் ஓடைகளில் தண்ணீர் ஏறும். காலையிலேயே கடப்பது நல்லது.

காற்று விஷயத்தில் ஒரு விசித்திரம். உயரம் ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் அதிகமாகக் காட்டும். கர்துங் லா (5,359 மீட்டர்) உச்சியில் இதனால் மட்டும் ஏறத்தாழ 7 பிஎஸ்ஐ. ஆனால் வெப்பம் 6 டிகிரி குறைந்தால் 1 பிஎஸ்ஐ இறங்கும். சமவெளியில் 35 டிகிரியில் அடித்தது அங்கே 5 டிகிரியில் நின்றால் 5 போய்விடும். கடைசியில் 2 பிஎஸ்ஐதான் வித்தியாசம். பயந்துபோய் உச்சியில் இறக்கிவிட வேண்டாம். லேயில் ஒரு காலை, வெயில் டயரில் படுவதற்கு முன் அளந்து ஸ்டிக்கர் அளவுக்குக் கொண்டுவந்தால் போதும். திரும்பி இறங்கியதும் மறுபடி ஒரு தடவை.

கம்ப்ரசர் அங்கே திணறும். 5,000 மீட்டரில் ஒவ்வொரு இழுப்புக்கும் கிடைக்கும் காற்று இங்கே கிடைப்பதில் பாதிக்குச் சற்று மேல்தான். நேரம் இரட்டிப்பாகும். நடுவில் ஆறவிட்டு ஓட்டுங்கள். பேட்டரியில் கிளிப் மாட்டும் வகை வாங்குங்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டும் பெரிய கம்ப்ரசர் ஃப்யூஸைத்தான் தின்னும்.

எம்+எஸ் முத்திரையை நம்பிப் பனியில் போகாதீர்கள். அது பட்டன் அமைப்பை வைத்துக் கம்பெனியே போட்டுக்கொள்வது. மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் படம் இருந்தால்தான் பனியில் சோதித்தது. அதுவும் உறைந்த பளிங்கு ரோட்டில் கை கொடுக்காது, அங்கே சங்கிலிதான்.

#10 ஜிம்னி_குட்டி

இழைக்குக் குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஜிம்னியில் 195/80 ஆர்15. அந்த சைஸில் ஏ/டி கிடைப்பது குறைவு. 215/75 ஆர்15 போடலாமா, 235/75 போடலாமா?

#11 மலைச்சாலை

195/80 ஆர்15 விட்டம் 693 மி.மீ. 215/75 போட்டால் 703.5, ஒன்றரை சதவீதம் அதிகம், கம்பெனியின் 5.5 இஞ்ச் ரிம்மிலேயே பொருந்தும். போடலாம். 235/75 என்றால் 733.5, கிட்டத்தட்ட 6 சதவீதம். ஸ்பிரிங் உயர்த்தாமல் உரசும், 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜின் மலை ஏற்றத்தில் மூச்சு வாங்கும். கொள்ளிமலையின் 70 வளைவையும் இரண்டாவது கியரிலேயே ஏற ஆசை இருந்தால் போடுங்கள்.

#12 பொள்ளாச்சி_தார்

ரிம் பத்தியும் ஒரு கேள்வி. 2021 ஏஎக்ஸ் மாடல்ல 245/75 ஆர்16 வந்துச்சே. கல் ரோட்டுக்கு அதுக்கு மாறினா?

#13 கரிசல்வண்டி

நல்ல கேள்வி. 245/75 ஆர்16 பக்கச்சுவர் 184 மி.மீ.; உங்களுதுல 166. அந்த 18 மி.மீ. ரப்பர்தான் குழியில ரிம் நெளியாமக் காப்பாத்துறது. காத்து இறக்கவும் தோது. விட்டம் 773.9, அதாவது 2 சதவீதத்துக்குள்ள கம்மி. தரையிடைவெளி 7 மி.மீ. போகும். ஆனா அஞ்சு ரிம் செலவு. ரெண்டு பங்கு கல் ரோட்டுக்கு நான் மாத்த மாட்டேன். பாதிக்குப் பாதி கல் ரோடுன்னா, அதே மாடலோட கம்பெனி ரிம்மாப் பார்த்து மாத்தலாம். வெளிச்சந்தை ரிம்முல ஆஃப்செட் (ரிம் உள்ள-வெளிய உட்காருற அளவு) தப்பினா சக்கரம் வெளியே துருத்தி, வீல் பேரிங்குக்கும் ஸ்டீயரிங் மூட்டுக்கும் நெம்புகோல் மாதிரி வேலை செய்யும். சக்கரத்தை வெளியே தள்ள ஸ்பேசர் தகடு போடுறதும் அதே கதைதான்.

#14 பட்டறைக்காரன்

வாங்கும்போது பாக்க வேண்டியது. பக்கச்சுவர்ல டிஓடி எழுத்து முடியுற இடத்துல நாலு இலக்கம் இருக்கும். 0825-னா 2025-ல எட்டாவது வாரம் செஞ்சது. அந்த நாலு இலக்கம் டயரோட ஒரு பக்கத்துல மட்டும் இருக்கலாம். மாட்டும்போது அந்தப் பக்கம் உள்ள போயிட்டா அப்புறம் குழியில படுத்துத்தான் பாக்கணும். மாட்டுறதுக்கு முன்னாடியே அஞ்சையும் பாருங்க. ஆறு மாசத்துக்கு உள்ள செஞ்சதாக் கேளுங்க. ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கணும்.

வால்டியூப் அஞ்சும் புதுசு. பழைய ரப்பர் வால்டியூப்பை விட்டுட்டுப் புது டயர் மாட்டுறது நூறு ரூபாய் மிச்சம் புடிச்சு நடு ராத்திரி நிக்கிற வேலை. காத்து சென்சார் இருக்கிற ரிம்முன்னா முன்னாடியே சொல்லிருங்க, இல்லாட்டி மெஷின் அதை உடைச்சிரும்.

ஏ/டி கனமான டயர். பேலன்சிங்ல ஒரு சக்கரத்துக்கு 80-100 கிராமுக்கு மேல ஈயம் கேட்டா, டயரை ரிம்முல பாதிச் சுத்து திருப்பிப் போட்டு மறுபடி பாக்கச் சொல்லுங்க. பாதி நேரம் ஈயம் குறைஞ்சிரும்.

அலைன்மென்ட் அன்னைக்கே. நட்டை ஏர் கன்ல இறுக்கி விட்டுருவாங்க. டார்க் ரென்ச்சுல மேனுவல்ல இருக்கிற அளவுக்கு, நட்சத்திர வரிசையில. 100 கி.மீ. ஓடினதும் மறுபடி ஒரு தடவை.

8,000-10,000 கி.மீ.க்கு ஒரு தடவை அஞ்சையும் சுத்த விடுங்க. பின்னாடி ரெண்டும் நேரா முன்னாடி. முன் வலது பின் இடதுக்கு. முன் இடது ஸ்டெப்னிக்கு. ஸ்டெப்னி பின் வலதுக்கு. நாலு டயர் தேய்மானத்தை அஞ்சு பங்கு போட்டா செட்டுக்குக் கால் பங்கு ஓட்டம் கூடுதல். இவர் ஸ்டெப்னி மாதிரி பின்கதவுல வெயில்ல வெந்தே வயசாகிறதும் இருக்காது.

பஞ்சர்னா பட்டன் பகுதியில மட்டும் ஸ்ட்ரிப் போடலாம். ஹைவே ஓட்டத்துக்கு உள்ள இருந்து காளான் பேட்ச் இன்னும் நல்லது. பக்கச்சுவர்ல ஸ்ட்ரிப் போட்டா அது கடை வரைக்கும் மெதுவா உருட்டிட்டு வர மட்டும்.

#15 பொள்ளாச்சி_தார்

அப்போ 255/65 ஆர்18, எல்டி அல்லாத ஏ/டி, லோடு 111-க்குக் குறையாம, பக்கச்சுவர் மூன்றடுக்கு. இந்த சைஸ்ல யோகோஹாமா ஜியோலாண்டர், அப்போலோ ஆப்டெர்ரா, சியட் மூணையும் நேர்ல பார்க்கிறேன். கம்ப்ரசர் முதல்ல. கடைசிக் கேள்வி: ஸ்டெப்னி 2021 டயர், ஓடாதது. நாலு மட்டும் வாங்கி, அதையே வச்சுக்கலாமா?

#16 மலைச்சாலை

அந்த டயரின் வாரத்தைப் பாருங்கள். ஆறு வருடம் நெருங்கினால் பட்டன் இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். பக்கச்சுவரை விரலால் மடக்கிப் பாருங்கள். நுண்ணிய வெடிப்பு தெரிந்தால் அது அவசரத்துக்கு மட்டும்.

வேறு பட்டன் அமைப்பு என்பதால் ஐந்து டயர் சுழற்சியில் அதைச் சேர்க்க முடியாது. புதிய நாலும் பாதி தேய்ந்த பிறகு ஸ்டெப்னி மாட்டினால் விட்டத்தில் 10 மி.மீ. வரை வித்தியாசம் வரும். அப்போது 2எச்-இல் மட்டும் ஓட்டுங்கள், 80-க்குக் கீழே. அந்த வித்தியாசம் பின் லாக்கரை (ஒரு சக்கரம் வெறுமனே சுற்றினால் இரண்டையும் பூட்டுவது) தூண்டாது, ஆனால் டிஃபரன்ஷியல் நேர் ரோட்டிலும் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். 4எச் போட்டால் அந்தச் சுமை டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் போகும்.

லடாக் போவதாக இருந்தால் ஐந்து வாங்குங்கள்.

#17 பட்டறைக்காரன்

அஞ்சு வாங்கினா பழைய ஸ்டெப்னியைத் தூக்கிப் போடாதீங்க தம்பி. லடாக் போகும்போது ரெண்டாவது ஸ்டெப்னியா, ரிம் இல்லாம, உள்ள படுக்க வச்சுக் கட்டிக்கலாம். பக்கச்சுவர் கிழிஞ்சா எந்த ஊர்ப் பஞ்சர் கடையிலும் ரிம்முல மாட்டிக் கொடுப்பாங்க. அந்த சைஸ் டயர்தான் அங்க கிடைக்காது.